கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுத்த கங்காணி

கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் பழைய பிரிண்டர் ஒன்று கீச் கீச்சென்று கத்தியது. என் முதுகு தானாக நிமிர்ந்தது. பழைய ஆபீசில் அந்தச் சத்தம் கேட்டால் கங்காணி முன்னால் அப்படித்தான் நிற்போம்.

உலகத்திலேயே கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுத்த ஒரே மனிதர் அவர். மறுப்பவர்களோடு சண்டைக்கு வரத் தயார்.

எண்பதுகளின் கடைசி. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. ஏழு கம்ப்யூட்டர்களை ஒரே கேபிளில் கோத்து, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எத்தனை மணிவரை திறக்கலாம் என்று விதி போடுவது அவர் வேலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட்டார். தோட்டத்தில் பெரட்டு எடுப்பவர் கங்காணி; அதையே அவருக்குப் பேராக வைத்துவிட்டோம். எட்டு மணிக்கு வரிசையில் நின்றால்தான் அவரவர் பேருக்குக் கம்ப்யூட்டர் திறக்கும். ஏற்றுமதிப் பட்டியல் தட்டுவது என் வேலை.

"பாஸ்வேர்டு பூனைப் பேருதானே தங்கச்சி?"

"எப்படிண்ணே தெரியும்?"

"நாள் பூரா அதைப் பத்தித்தானே பேசுற! மாத்துலா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜரையே உள்ளே விடவில்லை அவர் விதி. போன் செய்தவரிடம், ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகலாமே என்று மலாயில் புத்தி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அம்மை போட்டது. பத்து நாள் கழித்துத் திரும்பினால், அப்படி ஒருத்தியே இல்லை என்றது திரை.

"அண்ணே, என் பேரைக் காணோம்!"

"மூணு நாள் பெரட்டுக்கு வரலேன்னா பேர் வெட்டு. தோட்டத்துல அப்படித்தானே?"

"டாக்டர் எம்சி குடுத்தேனே!"

"ஆபீஸ்ல குடுத்த. கம்ப்யூட்டருக்குக் குடுத்தியா?"

"சரி, என் கோப்பெல்லாம் எங்கண்ணே?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பேரோடு கோப்புகளும் அழியும்படி அவரேதான் விதி எழுதியிருந்தார். மறுநாள் பினாங்கில் கப்பலேற வேண்டிய பெட்டிகளின் பட்டியலும் அதோடு போயிருந்தது.

வேண்டுமென்றே அழித்தேன் என்று என்மேல் பழி போட்டார் மேனேஜர். ஐந்து மணியோடு எனக்கு வேலை இல்லையாம். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை அந்த லயத்து வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர எனக்கிருந்த ஒரே வழி அந்த வேலை.

கங்காணி வாயை மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த விதிகளைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கதவைக்கூடத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் போனார். அந்தப் பிள்ளை தொடவே இல்லை, அழித்தது என் விதி, அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள் என்றார்.

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஐந்து மணிக்குள் பட்டியல் வந்தால் இருவரும் இருக்கலாம் என்றார்.

பாதி, கங்காணி எடுத்துவைத்திருந்த நகல் டிஸ்கெட்டில் கிடைத்தது. மீதிக்கு அவரே கிடங்கில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, எண்களைப் படித்துக் கத்தினார். வியர்வையும் ரப்பர் மாவுமாக ஒரு மனிதர் கத்த, நான் தட்டினேன். நாலே முக்காலுக்குப் பட்டியல் மேனேஜர் மேசைக்குப் போய்விட்டது.

அந்தச் சம்பளத்தில் அம்மா ஈப்போவுக்குக் குடிவந்து ஒரு வருடமாகியிருந்தது. கோலா கங்சார் பள்ளியொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. கடைசி நாளன்று கங்காணி தூறலில் நனைந்தபடி தொழிற்சாலை கேட்டுவரை வந்தார்.

"இன்னிக்கே என் பேரை வெட்டிருவீங்கதானேண்ணே?"

"வெட்டல தங்கச்சி, பூட்டித்தான் வச்சிருக்கேன். அங்க புடிக்கலேன்னா ஒரு போன் அடிலா, தொறந்து விடுறேன்."