கேள்வி கேட்கக் கூடாத ஒழுங்கை

ஒரு விடயத்தை அரை நாளில் கற்றுக்கொண்டு திரும்புகிற மனிதனிடம் அயலவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அந்த மனிதன் நான்தான்.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்து முன்பள்ளியில் தொண்டு செய்ய டென்மார்க்கிலிருந்து இங்கிரிட் என்ற மாணவி வருவதாகவும், ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்குவதாகவும் ஏற்பாடு. தங்கவைக்கும் வீட்டாருக்கு தொண்டு நிறுவனத்தார் ஒரு காலை வகுப்பு வைத்தார்கள். நான் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். (எந்தக் கூட்டத்திலும் அங்கேதான் இருப்பேன்.) வெளிநாட்டவருக்குத் தனிமை முக்கியம், சொந்தக் கதைகளைத் துருவவேண்டாம், சாப்பாட்டை வற்புறுத்தவேண்டாம் என்றார்கள்.

அவர்கள் சொன்னது ஆலோசனை. நான் வீடு வந்து சேர்வதற்குள் அது சட்டமாகிவிட்டது. அன்று பின்னேரமே வீடு வீடாகப் போய் அறிவித்தேன். வயது, கலியாணம், சம்பளம், மெலிவு, தடிப்பு, ஒன்றையும் அந்தப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது.

எதிர்வீட்டு மலர் அக்காவுக்குத்தான் அது விளங்கவில்லை.

"அப்ப அந்தப் பிள்ளையோட என்னத்தைத் தம்பி கதைக்கிறது?"

"குட் மோர்னிங் சொல்லுங்கோ அக்கா. காணும்."

"அதைப் பொலிசுக்காரருக்கும் சொல்லுறனான்தானே!"

சட்டம் பிசகாமல் நடந்தது. இங்கிரிட் காலையில் சைக்கிளை வெளியே எடுத்தால், ஒழுங்கை "குட் மோர்னிங்" சொல்லிவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டது. முன்பள்ளி ஆசிரியையையும் தொலைபேசியில் எச்சரித்திருந்தேன். வீட்டில் என் மனைவி பவானி, சோறு நிரம்பிய அகப்பையை இரண்டாம் முறை தூக்கியபடி என்னைப் பார்ப்பாள். நான் கண்ணால் தடுப்பேன்.

ஒரு கிழமைக்குள் இங்கிரிட் முற்றத்தில் அங்கும் இங்கும் நடக்கத் தொடங்கினாள். உட்காருவாள், எழும்புவாள், வாசல் படலை வரை போய்த் திரும்புவாள். தனிமையை அனுபவிக்கிறாள் என்று நான் பெருமைப்பட்டேன். ஆனாலும் எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நேராக இருந்த யன்னல் சீலையைத் திரும்பத் திரும்ப நேராக்கினேன்.

சனிக்கிழமை காலை அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். வாசலில் ஓட்டோ உறுமிக்கொண்டு நின்றது.

"அங்கிள், நான் கொழும்புக்குப் போறன். பிறகு என் நாட்டுக்கு." வருவதற்கு முன்பே கொஞ்சம் தமிழ் படித்தவள். "நான் என்ன பிழை செய்தனான்?"

"பிழையோ? ஒண்டும் இல்லையே!"

"எங்களுக்கும் வகுப்பு வைத்தார்கள். இங்கே எல்லாரும் எல்லாம் கேட்பினம், அது அன்பு என்று சொன்னார்கள். என் ஊரில் ஒருவரும் கேட்கமாட்டினம். இங்கேயும் என்னை ஒருவரும் கேட்கவில்லை."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுப் படலை படாரென்று திறந்தது.

"தம்பி, உங்கட சட்டத்தை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு இனி ஏலாது!" மலர் அக்கா புட்டுக் கோப்பையோடு வந்தார். "எங்கயடி பிள்ளை பையோட? சாப்பிட்டியோ? வந்த நாளில இருந்து மெலிஞ்சுகொண்டு வாறாய். கொம்மா கொப்பர் என்ன செய்யினம்? கலியாணம் கட்டிட்டியோ?"

இங்கிரிட் வரிசை தவறாமல் பதில் சொன்னாள். சாப்பிடவில்லை. அம்மா தாதி. அப்பா வேறு வீட்டில். கட்டவில்லை.

"அப்பா ஏன் வேற வீட்டில?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். திறந்தபோது பை தரையில் இருந்தது. அவள் படியில் உட்கார்ந்து அந்தக் கதையை மலர் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அழுதாள், பிறகு சிரித்தாள், புட்டு முழுவதையும் சாப்பிட்டாள். மதில்களுக்கு மேலால் தலைகள் முளைத்தன. ஒரு கிழமையாக அடக்கிவைத்த கேள்விகள் எல்லாப் பக்கத்தாலும் பாய்ந்தன. ஓட்டோக்காரரும் எஞ்சினை நிறுத்திவிட்டு, "தங்கச்சி, டென்மார்க்கில ஓட்டோ ஓடினால் நாளுக்கு எவ்வளவு வரும்?" என்றார்.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னபின் இங்கிரிட் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"ஏன் முதலே கேட்கவில்லை?"

ஒழுங்கை முழுவதும் என்னை நோக்கிக் கை நீட்டியது. (பவானியின் கை முதலில் நீண்டது.)

அவள் மாதம் முடியும்வரை இருந்தாள். இப்போது ஞாயிறுதோறும் வீடியோவில் அழைக்கிறாள். "அங்கிள், சாப்பிட்டனீங்களோ? என்ன கறி? சம்பளம் கூட்டினவையோ? ஏன் வயிறு பெருத்திருக்கு?" நான் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வேன்.

வயிற்றுக் கேள்வியில் நான் தடுமாறும்போது, குசினியிலிருந்து பவானி குரல் கொடுப்பாள்:

"இஞ்சருங்கோ, தனிமை வேணுமெண்டால் சொல்லுங்கோ. குட் மோர்னிங் சொல்லிப்போட்டு போனை வைக்கச் சொல்லுறன்."