கொலை நடந்த கிளப்பில் வெர்னன் சொன்னது

ஊரே பார்க்கப்போகும் தொடரைத் தன் மனைவி ஐரீன் மட்டும் பார்க்கக் கூடாது என்று வெர்னன் சபதம் எடுத்திருந்தான். முழுவதும்கூட வேண்டாம். ஒரே ஒரு காட்சி. அதில்தான் அவன் தலை உருளவிருந்தது.

இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம் என்பதால், துப்பறியும் தொடர் எடுக்கிறவர்கள் ஒரு கொலையைத் தூக்கிக்கொண்டு போன கோடையில் அங்கே வந்து இறங்கினார்கள். காது கேளாதோர் கிளப்பில் கொலை. பின்மேசையில் உட்கார்ந்து அரட்டையடிக்க ஆட்கள் தேவை. வெர்னனும் நண்பன் கஸ்ஸும் போனார்கள்.

"சும்மா கையை ஆட்டிக்கிட்டே இருங்க. என்ன வேணா பேசுங்க, யாருக்குப் புரியப்போகுது?" என்றார் இயக்குநர், மொழிபெயர்ப்பாளர் மூலமாக. மகா மேதை!

வெர்னன் சைகையில் பேசினான். "எனக்கு முதுகுவலியே கிடையாதுடா கஸ்! பனி விழுந்தா வரும், உருகினா போயிடும். அவ வாசல்ல பனி அள்ளுவா, நான் ஜன்னலோரமா காபி குடிப்பேன்."

கஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் மயங்கிய இயக்குநர் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னார்.

இப்போது ஜனவரி. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. சோபாவில் கஸ், நடுவில் ஐரீன், ஓரத்தில் வியர்த்துக்கொண்டு வெர்னன்.

"இவளைப் பாரேன்," என்று ஐரீன் டிவியில் கதாநாயகியைக் காட்டினாள். "சாட்சி சொல்றாளா, ரொட்டிக்கு மாவு பிசையறாளா?"

"காது கேளாதவளா நடிக்கக் காது கேக்கிறவளைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்," என்றான் கஸ்.

"கொலைகாரன் அந்தப் பக்கம் திரும்பிப் பேசறான், இவ உதட்டைப் படிச்சிட்டாளாம்! அவனுக்குப் பிடரியில வாயா?"

கிளப் காட்சி நெருங்கியது. வெர்னன் கைவசம் ஒரு பழைய அஸ்திரம் வைத்திருந்தான். வம்பான விஷயம் எதுவானாலும், ஐரீனின் கை பாத்திரம் கழுவும் தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் சொல்வான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குத் திரும்புவதற்குள் ஆள் இருக்கமாட்டான். மீன்பிடிப் படகு வாங்கிய செய்தியையே அப்படித்தான் சொல்லி முடித்தான்.

"ஐரீன், தட்டெல்லாம் காஞ்சுபோகுது. இப்பவே கழுவிடேன். முதுகு மட்டும் ஒழுங்கா இருந்தா நானே..."

"கொலைகாரன் யாருன்னு பாக்க வேணாமா?"

"அந்த மீசைக்காரன்தான். போ, போ."

ஐரீன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவள் முதுகு இந்தப் பக்கம் திரும்பியது. திரையில் வெர்னன் வந்தான். வெள்ளித்திரை நாயகனுக்குக்கூட இத்தனை நெருக்கத்தில் காட்சி வைத்திருக்கமாட்டார்கள். 'முதுகுவலியே கிடையாதுடா' என்பது துல்லியமாக, அழகாக, ஒரு விரல்கூட மறையாமல் வந்தது. கஸ் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். காட்சி முடிந்தது. சமையலறையில் ஐரீன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நாளைக்கு ஊரே அவளிடம் சொல்லுமே என்றால், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் வெர்னனின் நிர்வாகத் திறமை.

கூடத்து விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கூப்பிடுகிறாள். வாசற்கதவருகே ஐரீன் நின்றிருந்தாள்.

"பிரமாதம்! அந்தத் தொடர்லயே ஒழுங்கா சைகை பண்ணினது நீ ஒருத்தன்தான்."

"நீ... நீ திரும்பவே இல்லையே!"

"பாத்திரம் கழுவுற இடத்துல, பின்னால யார் வந்தாலும் தெரியட்டும்னு, நம்ம ஆளுங்க வீட்டுல எல்லாம் இருக்கிற மாதிரி கண்ணாடி மாட்டினது யாரு?"

வெர்னன்தான் மாட்டினான். முதுகு வலிக்காத ஒரு கோடையில்.

"வலது கை இடது கையாத் தெரிஞ்சுது," என்றாள் ஐரீன். "பொய் மட்டும் நேராவே தெரிஞ்சுது."

வெர்னன் அவசரமாகக் கையைத் தூக்கினான். அவள் அவனுடைய ஒரு கையில் பனி அள்ளும் மண்வெட்டியைத் திணித்தாள், மறு கையில் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு வாளியை மாட்டினாள், கதவைத் திறந்துவிட்டாள்.

சொல்வதற்கு அவனிடம் ஆயிரம் சமாதானம் இருந்தது. சொல்லத்தான் கை இல்லை.