லட்டில்லாமல் மீண்ட படலம்

வாழ்க வரதய்யபாளையத்து வீரன்! மனைவி பத்மாவதி குவைத்தில் அந்நியர் அடுப்படியில் வெந்து அனுப்பிய தினார்களால் எழுந்த ஈரடுக்கு மாளிகையின் தனிப்பெருங்காவலன், அத்தனை அறைகளுக்கும் சேர்த்து ஒற்றைத் தட்டில் உண்ணும் மன்னன், சம்பத் என்னும் திருப்பெயர் பூண்ட தீரன் வாழ்க!

விளக்கு வைக்கும் வேளை வந்தால் அவன் நெஞ்சுக்குள் போர்முரசு அதிரும், உள்ளங்கை வியர்க்கும், கேஸ் சிலிண்டரை மூடினோமா என்னும் ஐயம் நால்வகைச் சேனையோடு அணிவகுத்து வரும். மூடியதைக் கண்ணால் கண்டு வந்தாலும் அச்சேனை பின்வாங்காது. இப்பெரும்பகையை வெல்லவே அவன் சனிக்கிழமைதோறும் பஸ்ஸேறித் திருப்பதி சென்று, மனநல ஆலோசகர் அபிகாயில் என்னும் அறிவுச்செல்வியின் முன் பிளாஸ்டிக் அரியணையில் அமர்ந்து மனம் திறந்து வந்தான். தெருவுக்குச் சொன்னதோ வேறு: "மலைக்குப் போய்க்கினு வரேன்."

அந்தோ, திருப்பதி சென்றவன் லட்டின்றி மீள்வதை எந்தத் தெரு பொறுத்தது? பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க்கடையில் சாதா லட்டு வாங்கிப் பிரசாதமென்று வாரி வழங்கினான் வள்ளல். தெருவே கண்ணில் ஒற்றி உண்டது. "பச்சைக் கற்பூர வாசனயே இல்லியே" என்று எதிர்வீட்டுச் செங்கம்மா மட்டும் முகர்ந்து பார்த்தாள். அன்றுமுதல் வீரனுக்குப் பெருமாளை நினைத்தாலும் படபடப்பு வந்தது.

அறிந்தாள் அபிகாயில், ஆணையிட்டாள். "ஒரே ஒருத்தர்கிட்டயாவது நெஜத்த சொல்லிடுங்க சார். இந்த வாரத்து ஹோம்வொர்க் அதான்."

நடுங்கினான் நாயகன். பைத்தியம் என்னும் பட்டத்தைக்கூடத் தாங்குவான். ஆனால் லட்டு நின்றால் அவன் கதவைத் தட்ட யார் வருவார்? வாரம் முழுவதும் அவ்வீட்டில் கேட்கும் மனிதச் சத்தம் அந்தச் சனிக்கிழமைத் தட்டல் ஒன்றே. அதை இழக்க அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஆயினும் வந்தது போர்நாள். கவசமின்றி, கேடயமின்றி, கையில் லட்டுப் பொட்டலமுமின்றிப் பஸ்ஸிலிருந்து குதித்த சிங்கம், குழாயடிக் குடங்களின் வியூகத்தைப் பிளந்து, தெருநாய்களின் முழக்கத்தைக் கடந்து, தன் கேட்டருகே எவர்சில்வர் கிண்ணம் ஏந்தி நின்ற செங்கம்மாவின் முன் நிமிர்ந்து நின்று, எண்திசையும் செவிசாய்க்க முழங்கியது:

"அக்கா, நான் ஒரு தபாவும் மலையேறல. நெஞ்சு படபடன்னு வருதுன்னு கீழயே ஒரு டாக்டரம்மாகிட்ட போய்க்கினு இருக்கேன். லட்டு கடையில வாங்கினது."

காற்று நின்றது. கதிரவன் மேகத்துள் ஒளிந்தான். செங்கம்மா காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"மலைக்குப் போறவன் நெத்தியில நாமமே இல்லாம வந்தா தெரியாதா நைனா. லட்டு நல்லா இருந்திச்சி, அதான் ஒண்ணும் கேக்கல. சோறு துன்னியா?"

"இல்லக்கா."

அவள் வீட்டு ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.