ஜாமாய் ஷஷ்டியன்று அப்பா நடந்த இருபத்துமூவாயிரம் அடிகள்

"சும்மா போட்டுப் பாருங்கன்னுதான் சொன்னேன். யாரும் விலங்கு மாட்டலை," என்றாள் அம்மா.

கடைக்காரர் அப்பாவின் இடது கையில் ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டிருந்தார். அப்பா அந்தக் கையை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார், ஓணான் ஏறிக்கொண்ட மாதிரி. நாங்கள் கடைக்குள் வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணாடி மேஜையில் இன்னொரு பக்கம் மெலிசான ஃபிட்னஸ் பட்டை ஒன்று புழு மாதிரி சுருண்டு கிடந்தது.

"இது கனமா இருக்கு கேதகி."

"தினமும் ரெண்டு கிலோ மீனைத் தூக்கிட்டு வர்ற கை அது."

"தோல் அரிக்குது."

"கட்டி ஒரு நிமிஷம்கூட ஆகலை."

"இந்த வயசுல இவ்வளவு பெரிசு கட்டினா பாடாவுல, தெரு முழுக்கச் சிரிப்பாங்க."

"உங்க வயித்தைப் பார்த்துச் சிரிக்காதவங்க இதைப் பார்த்தா சிரிக்கப் போறாங்க?"

அம்மா எதற்கு அவசரப்படுகிறாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். பெரியப்பா போன வருஷம் ஐம்பத்திரண்டு வயதில் குளியலறையில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு இப்போது ஐம்பத்தொன்று. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ரத்த அழுத்தம் கோட்டைத் தாண்டிவிட்டது. டாக்டர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தினமும் எட்டாயிரம் அடி நடக்க வேண்டும், மூன்று மாதம். அப்பா முதல் வாரம் நடந்தேன் என்றார். இரண்டாவது வாரமும் நடந்தேன் என்றார். எடை ஒரு கிலோ கூடியிருந்தது. அதனால்தான் இந்தக் கடை.

கடைக்காரர் பாவம், வாட்சின் பெருமைகளை அடுக்கினார். "இதுக்குள்ளேயே சிம் போடலாம் சார். மேடம் வீட்டுல இருந்தே உங்களைக் கூப்பிடலாம். நீங்க எங்க இருக்கீங்கன்னு வரைபடத்துல காட்டும்."

அப்பாவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ போய்விட்டது.

"மெலிசே போதும்," என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு பட்டையைப் பார்த்தாள். "சரி. மெலிசே வாங்குங்க," என்றாள்.

அம்மா சண்டை போட்டால் எனக்குப் பயமில்லை. விட்டுக்கொடுத்தால்தான் பயம்.

என்னைப் பற்றி ஒரு வரி. பெயர் டும்பா. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டேன், மேலே படிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அதனால் வீட்டில் ஆள் தேவைப்படும் எல்லா வேலைக்கும் நான்தான். பட்டைக்கான ஆப்பும் என் போனில்தான். அப்பா காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பட்டை அடிக் கணக்கையும் இதயத் துடிப்பையும் என் போனில் கொட்டிவிடும். நான் படிப்பேன், அம்மா கேட்பாள்.

முதல் நாள் எட்டாயிரத்து இருநூறு. மறுநாள் எட்டாயிரத்து எழுநூறு. ஞாயிற்றுக்கிழமை பதினோராயிரம்.

"பாரு. மனசு வச்சா மலையே நகரும்," என்றார் அப்பா.

மலை நகர்ந்தது. ஆனால் இளைக்கவில்லை. படியேறி வந்தால் பழையபடி மூச்சு வாங்கியது. நான் போனில் தேடித் தேடிப் படித்தேன், எட்டாயிரம் நடந்தும் மூச்சு வாங்கினால் என்ன வியாதி என்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசமாக இருந்தது. சாப்பிடும்போது அப்பாவின் உதடு நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் நீலமாக இருந்தது. நாவல்பழம் தின்றிருந்தார்.

பன்னிரண்டாவது நாள் அப்பாவிடம் பச்சை மிளகாய் சொல்லியனுப்ப மறந்துவிட்டது என்று அம்மா பின்னாலேயே என்னை ஓடவிட்டாள். பாகாஜதீன் சந்தையில் மீன் வரிசைக்குள் நுழைந்தேன். மீன் வெட்டும் பலராம் அண்ணன் காலால் அரிவாள்மணையை அழுத்திக்கொண்டு ஒரு பெரிய ரூய் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கை முன்னும் பின்னும் பறந்தது. அந்தக் கையில் அப்பாவின் பட்டை.

அப்பா எதிர்ப் பெஞ்சில் இருந்தார். அவருடைய அரட்டைக் கூட்டம் மொத்தமும் இருந்தது. மடியில் இலைத் தொன்னை, அதில் எண்ணெயில் பொரித்த நாலு கொச்சூரி, பக்கத்தில் ஜிலேபி. உலகக் கால்பந்து எதனால் கெட்டுப்போனது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"பலராம் அண்ணே, இது என்ன?" என்றேன்.

"உங்க அப்பாவோடது. கைக்கு அரிக்குதாம். கொஞ்ச நேரம் வச்சிருன்னார், பன்னெண்டு நாளா கொஞ்ச நேரம்."

அப்பா என்னைப் பார்த்தார். கொச்சூரி பாதி வழியில் நின்றது.

"டும்பா, அம்மாகிட்ட சொல்லாதே."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் வேண்டாம். கேட்டா சொல்லு. கேக்கலைன்னா சும்மா இரு."

அது நியாயமாகத்தான் பட்டது. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. இயற்பியல் பரீட்சையில் கேட்ட கேள்விக்கும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. டாக்டரிடம் போகப்போவது பலராம் அண்ணனின் கணக்கு. பலராம் அண்ணனின் இதயத்தைப் பார்த்து அப்பாவுக்கு வைத்தியம் செய்வார்கள். பெரியப்பாவை நினைத்தேன். மிளகாய் வாங்காமலே வந்துவிட்டேன்.

அம்மா கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. மீன் வாடை போகத் தேய்த்த எலுமிச்சை வாசனை பட்டையில் ஏன் வருகிறது என்றுகூடக் கேட்கவில்லை. நான் அவள் முன்னால் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். "வழியை விடு," என்றாள்.

அப்புறம் மருமகன்களுக்கு விருந்து வைக்கும் ஜாமாய் ஷஷ்டி வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு மாமியார் வீடு உள்ள ஆண்பிள்ளை ஒருவனும் பசியோடு தூங்க மாட்டான். மருமகன் வருகிறான் என்று ஊரிலுள்ள அத்தனை மாமியாரும் இலீஷ் மீனுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். அப்பா காலை ஆறரைக்குப் போனார், எட்டு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். என் போன் சிணுங்கியது.

"எவ்வளவு?" என்றாள் அம்மா.

போனை இரண்டு தரம் பார்த்தேன். "இருபத்துமூவாயிரத்து நானூற்றுப் பதினொண்ணு."

"ஒன்றரை மணி நேரத்துலயா?"

"இன்னிக்குக் கொஞ்சம் வேகமா நடந்தேன்," என்றார் அப்பா.

"டயமண்ட் ஹார்பர் வரைக்கும் நாப்பது கிலோமீட்டர் போயிட்டு வந்தீங்களா?"

"பாதி வழி."

அம்மா தலையாட்டினாள். சாயங்காலம் என் போனை வாங்கிக்கொண்டு தனியாக டாக்டரைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து நேராக அடுக்களைக்குப் போனாள். நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அப்பா சந்தைப் பையை எடுத்தபோது அம்மா கதவுக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு பெட்டி.

"பையைக் கீழே வைங்க. டாக்டர் கணக்கைப் பார்த்தார். பார்த்துட்டு எழுந்தே நின்னுட்டார்."

"ஏன்?"

"இந்த இதயத்துக்குச் சொந்தக்காரர் இன்னிக்கு ஒரு துரும்பைக்கூடத் தூக்கக் கூடாதாம். எந்த நிமிஷமும் என்ன வேணா ஆகலாமாம்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "எந்த நேரத்துக் கணக்கு?"

"ஆறரையிலிருந்து எட்டு. மத்த நேரமெல்லாம் ஒண்ணுமில்லை. அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஆளை அடிச்சுப்போடுதாம்."

அது பலராம் அண்ணன். அவருக்கு இரண்டு பெண்கள். சின்னது நாலாவது படிக்கிறது. அப்பாவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"ஓய்வெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாமா?" என்றார்.

"நாளைக்கா? இப்பவே படுக்கணும்னார். குனியக் கூடாது, கையை வீசக் கூடாது, வெட்டக் கூடாது."

"வெட்டக் கூடாதா?"

"நீங்க எங்க வெட்டறீங்க? எல்லாருக்கும் பொதுவா சொல்றதுதான். இனிமே அந்தப் பட்டை பத்தாதாம். கையை நீட்டுங்க."

பெட்டிக்குள் ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. கடையில் பார்த்த அதே வாட்ச்.

"எப்ப வாங்கினே?"

"நீங்க மெலிசுன்னு சொன்ன அன்னிக்கு."

ஒரு மணி நேரம் சண்டை போட்டவர், கையைத் தானாக நீட்டினார். அம்மா கட்டினாள். "உள்ளே போய் அசையாம படுங்க. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அப்பா படுத்தார். இரண்டு நிமிடம் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டும்பா," என்றார் கிசுகிசுப்பாக. "நீ போ. பலராம்கிட்ட சொல்லு. அரிவாள்மணையைத் தொட வேண்டாம்னு சொல்லு."

"போறேன்," என்று கிளம்பினேன்.

"டும்பா, இங்க வா. பால் பொங்குது, பாரு," என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்.

போனேன். பால் பொங்கவில்லை. அடுப்பில் பாலே இல்லை. பின்னால் வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா பைஜாமாவும் பனியனுமாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்பு என்னுடையது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "அம்மா, அது அப்பாவோட கணக்கு இல்லை. நீ கேக்கலை, அதனால நான் சொல்லலை. பட்டை பலராம் அண்ணன் கையில..."

"தெரியும். ஜாமாய் ஷஷ்டி அன்னிக்கு இருபத்துமூவாயிரம் தடவை கை ஆட்டற ஆள் இந்த ஊர்ல வேற யாரு?"

"அவர் செத்துடுவாரா?"

"பலராமா? இவ்வளவு நல்ல இதயம் யாரோடதுன்னு டாக்டரே கேட்டார். மூக்கைத் துடை."

"அப்ப அப்பா? இப்படி ஓடலாமா?"

"அதையும் கேட்டுட்டுத்தான் வந்தேன். தாராளமா ஓடட்டும்னார். ஓடினாத்தான் உண்டுன்னார்."

அவளுடைய போனை என் முன்னால் நகர்த்தினாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எண்கள் ஏறின. தொள்ளாயிரம். ஆயிரத்து நூறு. ரயில் கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்றது, மூச்சு வாங்கியிருப்பார், மறுபடி கிளம்பியது. கொச்சூரிக் கடை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

புள்ளி கொச்சூரிக் கடையில் நிற்கவில்லை.

அம்மா புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். அப்புறம் புள்ளி மீன் வரிசைக்குள் போய் நின்றதும் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"ஏங்க, எப்படி இருக்கு?"

"படுத்திருக்கேன்," என்றார் அப்பா. மூச்சு இரைத்தது. பின்னால் பத்து பேர் மீன் விலை கேட்டுக் கத்தினார்கள். அதற்கு நடுவில் பலராம் அண்ணனின் குரல். "எனக்கு என்ன ஆச்சு அண்ணே? மீனைக் குடுங்க, ஆள் நிக்கறாங்க."

"நல்லது," என்றாள் அம்மா. "அப்படியே படுத்திருங்க." வைத்துவிட்டாள்.

ஆயிரத்து அறுநூற்று நாற்பது அடி. அத்தனையும் அவருடைய சொந்தக் கால்.

அசையாமல் படுக்கத்தான் சொன்னாள். அம்மா எதிர்பார்த்தபடியே அப்பா எழுந்து ஓடிவிட்டார்.