ரெண்டு பலகையும் ஒரு பின்னறையும்

சங்ககிரியில் லாரி பாடி கட்டுகிற லாசருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் கிட்டார் செய்யும் ஆசை வந்தது. வந்த ஆசை சும்மா வரவில்லை, வீட்டின் பின்னறையையும் சேர்த்துக் கேட்டது. சனிக்கிழமை காலையில் அறையைக் காலி செய்து, மேசை போட்டு, யூடியூபில் ஒரு வெள்ளைக்காரரை ஓட விட்டு, இனி இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சட்டம் போட்டார். யாரும் என்றால் அந்த வீட்டில் அவர் மனைவி இன்பமேரி ஒருத்திதான்.

இன்பமேரிக்கு வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள் அவள். தையல் மிஷின் ஆறு வருஷமாக அடுப்படியில் கிடக்கிறது. பட்டுத் துணியில் தாளிப்பு வாசம் அடிக்கிறது என்று போன மாதம்கூட ஒரு கல்யாணப் பெண் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள். பின்னறையைக் கொடுங்கள் என்று அவள் கேட்காத நாளில்லை. லாசர் அதைக் காதில் வாங்கிய நாளுமில்லை.

கிட்டாரின் மேல்பலகை ஒரே பலகை அல்ல. மெல்லிசான இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் ஒட்டு நிற்காது. இவ்வளவுதானா என்று லாசர் சிரித்தார். இருபத்தைந்து வருஷம் இழைப்புளி பிடித்த கையாயிற்றே.

லாரி பாடியில் இடுக்கு விழுந்தால் பெயின்டர் பூசுகிற பட்டிப் பசையை அப்பி, மேலே ரெண்டு தாமரைப்பூ வரைந்துவிட்டால் போதும், வண்டி வாழப்பாடி தாண்டும்வரை எவனும் கேட்க மாட்டான். இங்கே அந்த வித்தை செல்லவில்லை. இடப் பலகையை இழைத்தார். நடுவில் வெளிச்சம். வலப் பலகையை இழைத்தார். நடு மூடிக்கொண்டது, இரண்டு கோடியும் வாயைப் பிளந்தது. மறுபடி இடது, மறுபடி வலது. மத்தியானத்துக்குள் தரையெல்லாம் மரச்சுருள், பலகையில் இரண்டு விரலகலம் காணோம்.

சாப்பிடக் கூப்பிட வந்த இன்பமேரி வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏனுங்க, இப்படியே போனா பொழுதோட புல்லாங்குழல் ஆயிருமுங்களே."

அந்த நேரம் பார்த்துத்தானா சர்ச் பாடகர் குழுவின் ஜெரின் வந்து சேர வேண்டும்? கிட்டாரே அவர்களுக்குத்தான். வெளியாள் முன்னால் மானம் போகிறதே என்று லாசருக்குச் சுருக்கென்றது. வாய் முந்திக்கொண்டது.

"ஜாக்கெட்டுத் தைக்கறாப்பலன்னு நெனச்சியா? இந்த ஊட்டுல ஆரு இந்த ரெண்டையும் வெளிச்சந் தெரியாமச் சேக்கறாங்களோ, ரூம்பு அவங்களுக்கு. ஜெரின் சாட்சி. முடியலீன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரிங்க," என்றாள் இன்பமேரி.

ஒரே ஒரு உதவி கேட்டாள், இழைப்புளியின் பிளேடைச் சாணை பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். பாவம் என்று லாசருக்கு மனசு இளகியது. சாணை பிடித்த பிளேடால் முன்கை மயிரை மழித்துக் காட்டி, ஜெரின் பாராட்டிய பிறகே கையில் கொடுத்தார். மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் வாசக்கதவை வருஷா வருஷம் இழைப்பது யார் என்பது அவருக்கு நினைவில் இல்லை. அவருக்குத்தான் சொந்த வீட்டு வேலைக்கு நேரமே கிடைக்காதே.

அவள் பலகைகளைத் தனித்தனியாகத் தொடவில்லை. புத்தகம் மூடுவதுபோல ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஓரம் இரண்டையும் சமமாகத் தட்டி, ஒன்றாகக் கிளாம்ப் போட்டு முறுக்கினாள். லாசர் ஜெரினைப் பார்த்துக் கண்ணடித்தார். நாலே நாலு இழைப்பு. நாலாவதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறுபடாமல் ஒரே சுருள் வந்தது. பலகைகளைப் பிரித்து விரித்து, சேர்த்து ஜன்னலுக்கு நேரே தூக்கினாள்.

லாசர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். ஜெரினைப் பார்க்கச் சொன்னார். நூலளவு வெளிச்சம் இல்லை.

"ஜாக்கெட்டு முன்பக்கத் துணி ரெண்டையும் ஒண்ணா வெச்சுத்தானுங்க வெட்டுவோம்," என்றாள் இன்பமேரி. "கத்திரி கோணுனாலும் ரெண்டும் ஒரே அளவு கோணும். விரிச்சுச் சேத்தா அது இப்படி, இது அப்படி, சரியாப் போயிருமுங்க."

ஒட்டிக் காட்டினால்தான் கணக்கு என்று லாசர் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். ஜெரின் பசை டப்பாவை எடுத்து நீட்டினான். மறுநாள் பூசை முடிந்து வந்து கிளாம்ப்பைக் கழற்றி, வளைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒட்டு அசைந்து கொடுக்கவில்லை. அன்றைக்கே தையல் மிஷின் பின்னறைக்கு ஏறியது. கனமான பக்கத்தைத் தூக்கியவர் லாசர்.

செவ்வாய்க்கிழமை அவர் அதே அறை வாசலில் நின்றார். கையில் இரண்டு பலகைகள். கிட்டாருக்கு அடிப்பலகை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இரண்டு துண்டுதான். இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். மிஷின் நிற்கவில்லை, இன்பமேரி நிமிரவுமில்லை.

"ஏழு ஜாக்கெட்டு முன்னால நிக்குதுங்க. சீட்டுல பேரெழுதி அந்தத் துணிக்கட்டோட வெச்சுட்டு, வெள்ளிக்கிழமை வாங்க."