சம்பந்தி கடித்தது பற்றிய விளக்கம்

பாகாயம், பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தணிகாசலம் அவர்களுக்கு, ஆம்பூர் அருணகிரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், என் மனைவி கெங்கம்மாள், மகன் கோகுல், அண்ணன் நவநீதன், எங்கள் ஆறு கம்பெனிகள் யாவரும் நலம். அங்கு தங்கள் நலமும், துணைவியார் நலமும், மருமகள் தமிழினியின் நலமும், குறிப்பாகத் தங்கள் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் நலமும் அறிய ஆவலாயிருக்கிறேன். பேச்சு இன்னும் முடியாத நிலையில் ‘சம்பந்தி’, ‘மருமகள்’ என்று எழுதுவது முறையா என்று அண்ணன் கேட்டார். முடியாமல் எங்கே போய்விடும் என்று எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு தாங்கள் குடும்பத்துடன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்து, வீட்டோடு சேர்ந்த எங்கள் ஆபீஸ் ஹாலில் அமர்ந்து, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, டக்கென்று ஒரு சத்தம் கேட்டு, ‘நல்ல மொறுமொறுப்பு’ என்று பெருந்தன்மையோடு சொல்லி, கன்னத்தைப் பிடித்தபடியே காரில் ஏறியதை நாங்கள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தாங்கள் போனை எடுக்கவில்லை. பல் வலியா, மனவருத்தமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. எதுவானாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் கடித்தது முறுக்கு அல்ல. அது என்ன என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் குழுமத்தின் வரலாற்றையே சொல்லியாக வேண்டும்.

ஹாலில் மாட்டியிருந்த பலகையில் தாங்கள் ஒரு வரலாறு படித்திருப்பீர்கள். ‘காலணியில் கால் பதித்த குடும்பம்’ என்று தொடங்கும். அண்ணன் எழுதியது. அதில் எழுத்துப் பிழை இல்லை, மற்றதெல்லாம் பிழை. நடந்தது இதுதான். நானும் அண்ணனும் இங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் கட்டிங், அவர் பேக்கிங். எங்கள் நண்பர் நிசார் அஹமது பாய் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்தார். பதனிடுவதற்கு முன் ஓரம் வெட்டிக் கழித்த தோல் துண்டுகள் அங்கே குவியலாகக் கிடக்கும். ‘எடுத்துட்டுப் போங்கப்பா, எனக்கு எடம் காலியாவட்டும்’ என்றார். நாங்கள் வேலையை விட்டுவிட்டு, அந்தத் துண்டுகளைக் காயவைத்துப் பர்ஸ் தைத்து, வேலூர் லாங் பஜாரில் தள்ளுவண்டி போட்டுப் பரப்பினோம். முதல் நாளே மழை. பதனிடாத தோல் நனைந்தால் என்ன ஆகும் என்பது கட்டிங்கில் இருந்த எனக்கும் தோன்றவில்லை, பேக்கிங்கில் இருந்த அவருக்கும் தோன்றவில்லை. பர்ஸெல்லாம் ஊறி, வீங்கி, நாற்றமெடுத்து, பக்கத்துப் பூக்கடை அம்மா வண்டியை நகர்த்துகிறாயா இல்லையா என்று சண்டைக்கு வந்த நேரத்தில், தெருநாய் ஒன்று ஒரு பர்ஸைக் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, சாயங்காலம் வரை கண்ணை மூடிச் சுகமாகக் கடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கல்லை எடுத்தார். துணைக்கு வந்திருந்த நிசார் பாய்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘இன்னாப்பா பேஜார் பண்றே? காலைலேர்ந்து வந்த மொத கஸ்டமரே அவன்தான்!’

அன்றிலிருந்து நாங்கள் நாய்களை நம்பினோம். நாய்கள் எங்களைக் கைவிடவில்லை. தோலைக் கழுவி, கீற்றாக நறுக்கி, பார்ப்பதற்கு முறுக்கு போலவே முறுக்கி, காயவைத்து வெளிநாட்டு நாய்களுக்கு அனுப்புகிறோம். நாள் முழுக்கக் கடித்தாலும் தீராது. அந்த வருமானத்தில் வந்ததுதான் ஷூ கம்பெனி, கிளவுஸ் கம்பெனி, லாரி, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் எல்லாம். ஐந்துக்கும் இன்றுவரை சோறு போடுவது நாய்தான். குழுமத்துக்கு ‘அருணவநீதம்’ என்று பெயர் வைத்தோம், அண்ணன் சேர்மன். மூத்தவர் பெயர் பின்னால் வந்தது மரியாதைக் குறைவால் அல்ல. ‘நவநீதருணகிரி’ என்று எழுத முடியாது என்று போர்டு எழுதுகிறவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் ஷூ வந்ததும் அண்ணனுக்கு நாயைச் சொல்ல வெட்கம் வந்துவிட்டது. தாங்கள் வருவதற்கு முன், ஷோரூம் அலமாரியில் இருந்த நாய்ச் சரக்கையெல்லாம் எடுத்து ஒளிக்கக் கிளம்பினார்.

‘எதுக்குண்ணா?’ என்றேன்.

‘பொண்ணு வூட்ல கேட்டா, நாய்த்தீனி விக்கிறோம்னா சொல்லுவே?’

‘அதத்தானே விக்கிறோம்?’

‘கல்யாணம் முடியட்டும்டா. அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்.’

கோகுலை எக்ஸ்போர்ட் டைரக்டர் என்று தங்களிடம் சொன்னவரும் அவரே. அதில் பொய் இல்லை. எங்களிடம் எக்ஸ்போர்ட் ஆவது நாய்த்தீனி ஒன்றுதான்.

ஒளித்த சரக்கு, டீ, பலகாரம் வைக்கும் பேன்ட்ரிக்குப் போயிற்று. பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்ளும் பாக்யலட்சுமி வேலைக்குப் புதிது. பிறகு விசாரித்தபோது, ‘சேர்மன் சாரு கவர குடுத்து உள்ள வைம்மான்னாரு. கெஸ்ட் வர்றாங்களேன்னு தட்டுல அடுக்கி வெச்சேன். இன்னா சார் தப்பு?’ என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. தங்கள் பல்லின் சத்தம் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தேன். அவர் தங்களிடம் ‘ஜெர்மன் மெஷின்ல பண்ணது’ என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

தாங்கள் கொஞ்சமும் பயப்பட வேண்டியதில்லை. சரக்கு சுத்தமானது. லேப் ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். அதில் ‘நாய்’ என்று வரும் இடங்களைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். பல்லுக்கு வலு சேர்க்கும் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறோம். யாருடைய பல் என்று போடாதது எங்கள் குறைதான்.

தாங்கள் போனதும் வீட்டில் பெரிய சண்டை. ‘ஸ்வீட் பாக்ஸ் அனுப்பி, ஸ்பெஷல் முறுக்குன்னு சொல்லி முடிச்சிரலாம்’ என்றார் அண்ணன். கோகுல் எழுந்தான்.

‘வேணாம் பெரியப்பா. நான் தெனம் அந்தத் தோலு வாடையோடதான் வூட்டுக்கு வருவேன். மூஞ்சத் திருப்பிக்கற பொண்ணா இருந்தா இப்பவே திருப்பிக்கட்டும். பொய் சொல்லிக் கூட்டியாந்துட்டு, தெனம் வாசல்ல நின்னு யோசிக்க என்னால ஆவாது.’

இத்தனை வருஷத்தில் அண்ணனை எதிர்த்து யாரும் பேசியதில்லை. எழுந்து ஹாலுக்குப் போனவர், தானே நாற்காலி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். ‘உங்கப்பன எழுதச் சொல்லு, எனக்குக் கை வராது’ என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். புதுப் பலகை தயாராகிறது. மேலே நாய் படம். அதற்கு டை கட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் அண்ணன் நிபந்தனை.

இதுதான் நாங்கள். மறைக்க இனி ஒன்றுமில்லை. தங்கள் சம்மதம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. பல் வைத்தியச் செலவு எங்களுடையது, மண்டபமும் எங்களுடையது. தமிழினி எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள். துணைவியாருக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
எவ்விதக் கவலையுமில்லாத
அருணகிரி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கெங்கம்மாள் வாங்கிப் படித்துவிட்டு, ‘இன்னாங்க இது? பாக்யா வெச்ச தட்ட நான் அப்பவே எடுத்துட்டேனே. வந்தவங்களுக்குக் கடை முறுக்கா குடுப்பாங்க? அவரு கடிச்சது நான் சுட்டது’ என்கிறாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். ‘கிழிக்காதீங்க. என் முறுக்குல பல்லு போச்சுன்னா சொந்தபந்தத்துல தல காட்ட முடியாது. நாய்த்தீனின்னே இருக்கட்டும்.’ ஆகவே தாங்கள் மேலே கண்டவாறே நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்படியானால் பாக்யலட்சுமி வைத்த தட்டு எங்கே போயிற்று என்று கேட்டேன். வீணாக்குவானேன் என்று, கெங்கம்மாளே அதைத் தங்களுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரக் கூடையில் கொட்டிவிட்டாளாம். கூடையில் மேலே இருப்பது அதிரசம். அதற்குக் கீழே யாரும் போக வேண்டாம்.