இடப்பக்கம் லேசர், வலப்பக்கம் லோஷன்

மனித குலம் கண்ட ஆராய்ச்சிகளிலேயே மகத்தானது, நகராட்சி உரிமப் பிரிவுக் கண்காணிப்பாளரின் தலையில் நடந்தது. வழுக்கைக்கு லேசர் நல்லதா, தடவும் மருந்து நல்லதா என்று ஊரெல்லாம் வாதாடிக்கொண்டிருக்க, அவர் தம் தலையையே இரண்டாகப் பிரித்து இரு தரப்புக்கும் சமமாக ஒதுக்கிவிட்டார். இடப்பக்கம் லேசர் தொப்பி, வலப்பக்கம் லோஷன். தியாகம் என்றால் இதுவல்லவா தியாகம்!

இந்தப் பெரும்பணிக்கு 'தொழில்நுட்ப வல்லுநராக' நியமிக்கப்பட்டவர் ஒரு முடிதிருத்துநர். பாவம், அவர் சொந்தக் கடை திறக்க உரிமம் கேட்டு வந்தவர். கடைக்கென்று வாங்கிய இரண்டு சுழல் நாற்காலிகளும் பூட்டிய ஷட்டருக்குள் தூசி படிந்து கிடந்தன.

"கையெழுத்துதானே? போட்டுடலாம். முதல்ல ஆராய்ச்சி முடியட்டும்," என்றார் கண்காணிப்பாளர்.

"எப்ப சார் முடியும்?"

"அறிவியலை அவசரப்படுத்தக் கூடாதுப்பா."

ஆகவே திங்கட்கிழமைதோறும் பதினொரு மணிக்கு 'தலை ஆய்வுக் கூட்டம்' கூடியது. பொதுமக்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசை கலையாமல் நின்று ஒத்துழைத்தார்கள். முடிதிருத்துநர் புருவப் பென்சிலால் நெற்றியிலிருந்து பிடரிவரை எல்லைக் கோடு போடுவார். தட்டச்சர் அம்மாள் பூதக்கண்ணாடி வைத்து முளைத்த முடிகளை எண்ணுவார்.

மூன்றாம் மாதம் அதிசயம் நிகழ்ந்தது.

"இடது பதினேழு! வலது பத்தொன்பது!" என்று தட்டச்சர் அம்மாள் கூவினார். பிரிவே கைதட்டியது. கண்காணிப்பாளர் கண்ணாடியில் தம்மைப் பார்த்துப் பத்து வயது குறைந்தார். அப்போதுதான் தலைமை எழுத்தர் தொண்டையைச் செருமினார்.

"எண்ணிக்கை சரி சார். ஆதாரம் எங்க? நாளைக்குத் தணிக்கையில கேட்டா உங்க தலையையா கொண்டுபோய்க் காட்டறது?"

விதி என்றால் விதிதான். சாமணம் வந்தது. முளைத்த முப்பத்தாறும் வேரோடு பிடுங்கப்பட்டு, தாளில் ஒட்டப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, கோப்பில் சேர்ந்தன. கண்காணிப்பாளரின் கண்ணில் நீர் முட்டியது. கடமை உணர்ச்சி!

"சார், இப்படிப் பண்ணினா..." என்று முடிதிருத்துநர் இழுத்தார்.

கண்காணிப்பாளரின் முழங்கைக்கு அடியில் முடிதிருத்துநரின் உரிம விண்ணப்பம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அதன்பின் வாரந்தோறும் முளைத்தது, வாரந்தோறும் ஆதாரமாயிற்று. ஆண்டு முடிவில் கோப்பு கருகருவென்று செழித்திருந்தது. தலை மட்டும் பளபளத்தது. 'இரு சிகிச்சைகளும் பயனற்றவை' என்று அறிக்கை தயாரானது. வல்லுநர் கையொப்பம்தான் பாக்கி.

"நீ இதுல போடு, நான் உன் உரிமத்துல போடறேன்," என்றார் கண்காணிப்பாளர்.

"நீங்க பெரியவங்க சார். நீங்க முதல்ல போடுங்க."

மரியாதையில் குளிர்ந்துபோன கண்காணிப்பாளர் உரிமத்தில் கையெழுத்திட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். முடிதிருத்துநர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இத்தனை மாதம் மூடிவைத்த வாயை அதற்குப் பிறகுதான் திறந்தார்.

"ரெண்டு மருந்துமே நல்லா வேலை செஞ்சுது சார். முளைச்சதையெல்லாம் புடுங்கி ஃபைல்ல வச்சது நீங்கதான். என் கடை முளைக்கிறப்பவும் அதைத்தானே செஞ்சீங்க!"